பச்சைதான் எங்கள் நிறம்



புத்தகக் கடைகளில் ‘தன்னம்பிக்கை’ அலமாரியைக் கவனித்திருப்பீர்கள். தலைவராவது எப்படி, வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வரிசையாக அடுக்கியிருக்கும். எழுதியவர்கள் பெரும்பாலும் கம்பெனி முதலாளிகள், விளையாட்டு வீரர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். கையைக் கட்டிக்கொண்டு அட்டையில் நிற்பார்கள். கொஞ்ச காலமாக அந்த அலமாரியில் இன்னொரு கூட்டமும் இடம் பிடித்து வருகிறது. தொண்டு நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் எழுதும் முதல் புத்தகங்கள்.

‘தொண்டு செய்ய எதுக்குச் சம்பளம்?’ என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவது இயல்புதான். நம் வீடுகளில் ‘பையன் டிரஸ்ட்டில் வேலை பார்க்கிறான்’ என்று ஜாதகத்தோடு சொன்னால், மறுபக்கம் ஒரு கணம் அமைதியாகிவிடும். ‘அது சரி, வேலை எங்கே?’ என்று அடுத்த கேள்வி வரும். சமூகப் பணிப் படிப்பு சென்னையில் 1952-லிருந்து நடக்கிறது. லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தைச் சரியாகச் செலவழிக்கப் படித்தவர்கள் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், அவர்கள் வீட்டிலும் மாதம் பிறந்தால் பால்காரருக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே, சம்பளம் வாங்கிக்கொண்டு தொண்டு செய்வதில் ஒரு குற்றமும் இல்லை.

என் கேள்வி வேறு. இவர்கள் எழுதும் புத்தகத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்?

ஆசிரியர் மேசைக்கு வரும் இத்தகைய புத்தகங்களில் பாதியை ஒரே மூச்சில் படித்து, ஒரே மூச்சில் மறந்துவிடலாம். ‘ஏழைகளின் புன்னகையில் இறைவனைக் கண்டேன்’ என்ற ரகம். புன்னகைத்த ஏழைக்குப் பெயர் இருக்காது, கோபம் இருக்காது, கருத்தும் இருக்காது. எழுதியவருக்கு மட்டும் எல்லாம் இருக்கும். மீதிப் பாதியில் அபூர்வமாக ஒன்றிரண்டு, நம் வீட்டு நடப்பையே திரும்பிப் பார்க்க வைத்துவிடும். அப்படி ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன்.

‘தி ப்ளூ ஸ்வெட்டர்’. எழுதியவர் ஜாக்குலின் நோவோகிராட்ஸ், அமெரிக்கர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். நியூயார்க்கில் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு 1980-களின் நடுவில் ஆப்பிரிக்காவுக்குப் போனார். வயது இருபத்தைந்து. பெற்றோர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? பேங்க் வேலையை யாராவது விடுவார்களா?

2001-இல் அவர் தொடங்கிய ‘அக்யுமென்’, தானமாகப் பெற்ற பணத்தை ஏழைகளுக்குப் பயன்படும் தொழில்களில் முதலீடாகப் போடும் நிறுவனம். எட்டு ஆண்டு கழித்து, 2009-இல், இந்த முதல் புத்தகத்தை எழுதினார்.

தலைப்பில் வரும் ஸ்வெட்டர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சிறு வயதில் மாமா ஒருவர் கொடுத்தது. முன்பக்கத்தில் வரிக்குதிரைகள், அவற்றுக்குப் பின்னால் பனி மூடிய மலை. கழுத்துப் பட்டியில் இவர் பெயரை எழுதி ஆசையாய்ப் போட்டுத் திரிந்தார். பள்ளியில் ஒரு பையன் கேலி செய்ததும் வீட்டுக்கு வந்து, பழந்துணி சேகரிக்கும் தொண்டு நிறுவனத்தில் அம்மாவோடு போய்ப் போட்டுவிட்டார். பத்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1987-இல், ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் தெருவில் ஓடிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த ஒரு சிறுவன் அதே ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். பட்டியைத் திருப்பிப் பார்த்தால் இவர் பெயர்.

சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். உலகம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக அவர் இதைச் சொல்கிறார். எனக்கு அதைப் படித்தபோது ஞாபகம் வந்ததெல்லாம் நம் வீட்டுப் பரண்தான். நாம் மூட்டை கட்டிக் கொடுக்கும் துணி எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம் போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. அன்போடு அனுப்பியதுதான். ஆனால் கிழிந்ததும் சாயம் போனதுமாகச் சாலையோரம் குவிந்து மண்ணோடு மக்கியது. கடலில் வீட்டையும் வலையையும் இழந்த மீனவக் குடும்பங்கள் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று வரை உழைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அடுத்தவர் கழித்துப் போட்டதை ஏன் உடுத்த வேண்டும்?

ருவாண்டாவும் அதைத்தான் ஒருநாள் கேட்டது. வெளிநாட்டுப் பழந்துணி உள்ளூர் தையல் தொழிலைக் கெடுக்கிறது என்று 2016-இல் இறக்குமதி வரியைப் பல மடங்கு ஏற்றியது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு 2018-இல் ருவாண்டாவின் ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச் சலுகையை நிறுத்தியது. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு விலை உண்டு போலிருக்கிறது. புத்தகம் வெளிவந்த பிறகு நடந்தது இது. நோவோகிராட்ஸின் ஸ்வெட்டர் கதையைச் சிலாகிப்பவர்கள் இந்தப் பின்கதையையும் சேர்த்துப் படித்தால் நல்லது.

இருக்கட்டும், என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஸ்வெட்டர் அல்ல, ஒரு பேக்கரி.

கிகாலியில் நியாமிராம்போ என்று உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. அங்கே ஒரு பேக்கரியில் இருபது பெண்கள். மணமாகாமல் தாயானவர்கள். ஊர் அவர்களை வேறு பெயர் சொல்லி அழைத்தது, அந்தப் பெயரை நான் எழுத வேண்டியதில்லை. நல்ல மனதுள்ள ஒருவர் ஒரு தொண்டு நிறுவனம் வழியாக மாதம் சுமார் 600 டாலர் செலவழித்து, அவர்களுக்குப் பலகாரம் சுடவும் கைவேலை செய்யவும் ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பெண்களுக்குக் கிடைத்த கூலி நாளைக்கு அரை டாலர்.

வீட்டுக் கணக்கு எழுதும் வாசகிகள் ஒரு நிமிடம் மனக்கணக்குப் போடுங்கள். இருபது பேர், நாளைக்கு அரை டாலர், மாதம் முப்பது நாளும் வேலை என்று வைத்தாலும் 300 டாலர்தான் ஆகிறது. அந்த 600-ஐ அப்படியே பிரித்துக் கையில் கொடுத்திருந்தால் இரட்டிப்புக் கூலி! இதைச் சொல்ல எம்.பி.ஏ. வேண்டுமா? சீட்டுப் பிடிக்கும் எந்த அக்காவும் சொல்லிவிடுவார். ஆனால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது ‘சேவை’.

நோவோகிராட்ஸ் அந்தப் பெண்களிடம் தானத்தை நிறுத்திவிட்டு வியாபாரமாக நடத்தலாம் என்றார். பயந்துகொண்டே ஒப்புக்கொண்டார்கள். விற்பது எப்படி என்று காட்ட, பலகாரத்தை வாளியில் போட்டுக்கொண்டு தானே தெருவில் இறங்கினார். எல்லாம் விற்றுப்போயிற்று. ‘பார்த்தீர்களா!’ என்று திரும்பி வந்தவரிடம் அந்தப் பெண்கள் சொன்ன பதில் அருமையானது. உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

அப்புறம் போட்டி வைத்தார், அணி பிரித்தார். எதுவும் நடக்கவில்லை. பெண்கள் தங்கள் பாணியில், தங்கள் வேகத்தில் விற்கக் கற்றுக்கொண்டார்கள். வாங்குபவர்கள் கேட்டதை வைத்து மரவள்ளி சிப்ஸ், வாழைக்காய் சிப்ஸ் என்று அவர்களே யோசனை கொண்டுவந்தார்கள். வருமானம் பல மடங்காயிற்று.

கடைக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவாயிற்று. என்ன நிறம்? ‘நீங்களே சொல்லுங்கள்’ என்றார்கள். ‘இல்லை, இது உங்கள் கடை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்’ என்றார் இவர். வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. பதிலே இல்லை. பொறுமை இழந்து, ‘நீலம் அடிக்கலாமா?’ என்றார். ‘ஆமாம், நீலம், ரொம்பப் பிடிக்கும்!’ என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சுவர், சன்னல், வாசல் நடைபாதை வரை நீலம். பாட்டு, ஆட்டம், குழந்தைகள் கையில் பிரஷ். வேலை முடிந்து எதிர்ச்சாரியில் நின்று பார்த்து, ‘நிறம் எவ்வளவு பொருத்தம்!’ என்று இவர் பூரித்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகு சொன்னார், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் நிறம் பச்சை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். மூன்று வாரம் காத்திருந்தவர்தானே? கேட்காமல் செய்துவிட்டார் என்று அவர்மேல் பழி போட முடியாது. கேட்டார், காத்திருந்தார், இருந்தும் உண்மை வெளியே வரவில்லை. காலமெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்களுக்குத் தன் விருப்பத்தைச் சொல்வதே பழக்கமில்லாத காரியம். யாரும் அவர்களைக் கேட்டதில்லை. கேட்டாலும், உண்மையைச் சொன்னால் கிடைப்பதும் போய்விடுமோ என்ற பயம்.

நம் வீட்டில் இது நடக்கவில்லையா?

தீபாவளிக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ‘என்ன நிறத்தில் புடவை வேணும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நீங்க எது குடுத்தாலும் சரிக்கா’ என்பார். நமக்கும் மனம் குளிர்ந்துவிடும், எவ்வளவு நல்ல மனசு என்று. ஒருவேளை அவருக்கு அந்த வருடம் புடவையே தேவைப்பட்டிருக்காது. மகளுக்கு டியூஷன் ஃபீஸ் கட்ட அந்த ஆயிரம் ரூபாய் கையில் கிடைத்தால் போதும் என்றிருக்கும். ஆனால் எப்படிச் சொல்வார்? ‘புடவை வேண்டாம், காசு குடுங்க’ என்றால் நாம் என்ன நினைப்போம் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அவ்வளவு தூரம் ஏன்? பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய வீட்டில் அம்மாவை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் ‘என்னம்மா சாப்பிடுறே?’ என்று கேட்கிறோம். ‘எனக்கு எதுவா இருந்தாலும் சரி, நீங்க சொல்லுங்க’ என்கிறார். அறுபது வருடம் அடுத்தவர் பசியைக் கேட்டுக் கேட்டு சமைத்தவர். அவர் வாயிலிருந்து பச்சை என்ற பதில் வர வேண்டுமானால், கேள்வியை ஒரு முறை கேட்டால் போதாது. கேட்கும் விதமும் மாற வேண்டும். ‘நெய் ரோஸ்ட்டா, இடியாப்பமா?’ என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வரும்.

எந்த மேனேஜ்மென்ட் குருவின் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத பாடம் இந்தப் பேக்கரியில் கிடைத்தது. ஒரு தொண்டு நிறுவன ஊழியர் எழுதும் புத்தகத்துக்கு மட்டுமே இருக்கக்கூடிய தகுதி இதுதான் என்று நினைக்கிறேன். கம்பெனித் தலைவரின் பொருள் பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், தப்பு உடனே தெரிந்துவிடும். தொண்டில் வாங்கிக்கொள்பவர் எதுவும் சொல்ல மாட்டார். நன்றி மட்டுமே சொல்வார். அந்த நன்றியை நம்பி ஏமாறாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய கஷ்டம்.

புத்தகத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. இலகுவாகப் படிக்க முடியாதது.

ருவாண்டாவில் பெண்களுக்குக் கடன் கொடுக்க ‘டுடேரிம்பெரே’ என்ற அமைப்பைச் சில உள்ளூர்ப் பெண் தலைவர்களோடு சேர்ந்து நோவோகிராட்ஸ் உருவாக்கினார். அவர்களில் ஒருவர் அக்னெஸ் ன்டமாப்யாலிரோ, நாடாளுமன்ற உறுப்பினர், பெண் உரிமைக்காகப் பேசியவர். 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியது. சுமார் நூறு நாட்களில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் ஆட்சியிலிருந்த இடைக்கால அரசில் நீதித்துறை அமைச்சராக இருந்தவர் இதே அக்னெஸ். பின்னாளில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நோவோகிராட்ஸ் சிறைக்கே போய் அவரைச் சந்தித்து எழுதியிருக்கிறார்.

ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே நல்ல காரியத்தைத் தொடங்கிய பெண்களில் சிலர் பலியானார்கள், சிலர் எல்லாம் இழந்தும் பிழைத்தார்கள், ஒருவர் கொலை செய்தவர்களின் பக்கம் நின்றார். தலைமை, நோக்கம் என்றெல்லாம் அடுக்குபவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அடுக்கட்டும். நோக்கம் உயர்ந்தது என்பதால் மனிதரும் உயர்ந்தவர் என்று நினைத்துவிடுகிறோம். இந்தச் சங்கடத்தை மறைக்காமல் தன் முதல் புத்தகத்திலேயே வைத்ததற்காக ஆசிரியர்மேல் எனக்கு மரியாதை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை. நன்கொடையாளர் மனதை இளக்குவதற்கென்றே எழுதிய பக்கங்கள் அங்கங்கே தென்படுகின்றன. ஏழையை வாடிக்கையாளராக நடத்தினால் மரியாதை கிடைக்கும் என்கிறார். சரி, குடிதண்ணீரையும் மருந்தையும்கூடக் காசுக்கு வாங்கினால்தான் மரியாதையா? அது அரசாங்கம் கொடுக்க வேண்டியதல்லவா? ரேஷன் கடை, சத்துணவு, பெண்களுக்கு இலவச பஸ் என்று பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. எழ வேண்டும்.

அதற்கான பதில் ஓரளவு நம் மதுரையில் இருக்கிறது. அக்யுமென் ஆரம்ப நாட்களில் கைகோத்த நிறுவனங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-இல், 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். வீடு அடமானத்துக்குப் போனது. தங்கை நாச்சியாரும் தங்கை கணவர் நம்பெருமாள்சாமியும் கூடவே நின்றார்கள். கூட்டுக் குடும்பம் ஒன்று மருத்துவமனையானது என்றே சொல்லலாம்.

அங்கே பணம் கட்டுபவரும் உண்டு, கட்டாதவரும் உண்டு. எந்த வாசல் வழியாகப் போவது என்பதை நோயாளியே தீர்மானிக்கிறார். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. இன்னொன்றும் அவர்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள். அறுவை சிகிச்சை இலவசம் என்று தண்டோரா போட்டாலும் கிராமத்திலிருந்து பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வரும் மகனின் கூலி இழப்பு, யாரும் கூட இல்லாத பயம். அதைப் புரிந்துகொண்டு, கிராமத்தில் நடத்திய கண் முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டபோதுதான் கூட்டம் வந்தது. ‘இலவசம்தானே, ஏன் வரவில்லை?’ என்று அலுத்துக்கொண்டு விட்டிருந்தால் எத்தனை தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போயிருப்பார்கள்!

டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார். அவர் எழுதிவைத்திருந்த நாட்குறிப்புகளையும் வைத்து, பேத்தி முறையுள்ள பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் எழுதிய ‘இன்ஃபினிட் விஷன்’ 2011-இல்தான் வந்தது. நல்ல புத்தகம். ஆனால் எல்லாருக்கும் எழுதத் தெரிந்த பேத்தி அமைவதில்லை.

அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். நம் வாசகர்களில் டிரஸ்ட்டுகளில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். முதியோர் இல்லம் நடத்துபவர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியைகள், சுயஉதவிக் குழுக்களை ஒருங்கிணைப்பவர்கள் இருக்கிறீர்கள். ‘எனக்கு எழுத வராது’, ‘நான் என்ன பெரிசா சாதிச்சிட்டேன்’ என்று தள்ளிப்போடாதீர்கள். தமிழில் இந்த வகைப் புத்தகம் போதுமான அளவு வரவில்லை. வருபவற்றிலும் விழா மலர் வாடைதான் அதிகம்.

எழுதினால் சாதனைப் பட்டியலைக் கடைசியில் வையுங்கள். எந்தத் திட்டம் படுத்துக்கொண்டது, எவ்வளவு நஷ்டம், மாதக் கடைசியில் ஊழியர்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தீர்கள், வீட்டில் மனைவியோ கணவரோ என்ன சொன்னார் என்பதை முதலில் எழுதுங்கள். உங்களிடம் யார் ‘பச்சை’ என்று சொன்னார், அதைக் கேட்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். உதவி பெற்ற குழந்தைகளின் முகத்தை அட்டையில் போடாதீர்கள். நாளைக்கு அவர்கள் கல்லூரிக்குப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், புத்தகத்தில் வருகிற மனிதர்களிடம் அவர்கள் சம்பந்தப்பட்ட பகுதியை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு பிரதி எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். மதிப்புரைப் பகுதியில் அதற்கு இடம் ஒதுக்குவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்